தூக்கத்தை மொழிபெயர்க்க முடியுமா?

"ராத்திரி சரியாத் தூங்கினீங்களா?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு வரும் பதிலை மதிப்பெண்ணாக மாற்றுவதுதான் கஷ்டம். அந்த வேலைக்காக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி மொத்தம் 19 கேள்விகள். அவற்றை 7 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் அதிகபட்சம் 21. ஐந்தைத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று அர்த்தம். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் இதன் உருது வடிவம் பற்றிய ஆய்வு 2014-ல் பாகிஸ்தான் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

இப்படி மொழிபெயர்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்கு. பிறகு மூலத்தைப் பார்க்காத வேறொருவர் உருதுவிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு. இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி. நல்ல முறைதான். ஆனால் இதில் வார்த்தைப் பிழைதான் பிடிபடும், வாழ்க்கை வித்தியாசம் பிடிபடாது!

ஓர் உதாரணம். ஒருவர் இரவு 11 மணிக்குப் படுக்கிறார், பதினொன்றரைக்குத் தூங்கிவிடுகிறார். காலை 5 மணிக்கு ஃபஜ்ர் தொழுகைக்கு எழுகிறார். ஐந்தரைக்கு மறுபடி தூங்கி ஏழரைக்கு எழுகிறார். ஆக மொத்தம் ஏழரை மணி நேரத் தூக்கம், எந்தக் குறையும் இல்லை. "எத்தனை மணிக்கு எழுவீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் எதை எழுதுவார்? 5 மணி என்று எழுதி, தூக்கம் ஏழரை மணி நேரம் என்றும் எழுதினால், படுக்கையில் இருந்தது 6 மணி நேரம், தூங்கியது அதைவிட அதிகம்! தூக்கத் திறன் 125 சதவீதம் என்று கணக்கு வரும். மாறாக, எழுந்தது ஏழரை என்று எழுதி, தொழுகைக்கு முந்தைய தூக்கத்தை மட்டும் சொன்னால் திறன் 65 சதவீதத்துக்கும் கீழே போய், அந்தப் பகுதிக்கு மிக மோசமான மதிப்பெண்ணான 3 கிடைக்கும். ஒரே ஆள், ஒரே தூக்கம். "விடியற்காலையில் விழிப்பு வந்ததா?" என்ற கேள்வியிலும் இதே சிக்கல்தான். விரும்பி எழுவதும் தூக்கம் கெட்டு எழுவதும் ஒன்றா? ரமலான் மாதத்தில் சஹர் உணவுக்கு வீடே எழுந்திருக்கும்போது "கடந்த ஒரு மாதம்" என்று கேட்டால் என்ன ஆகும்?

வண்டி ஓட்டும்போது தூக்கம் வருகிறதா என்றும் ஒரு கேள்வியில் வருகிறது. வண்டியே ஓட்டாத கிராமத்துப் பெண் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஆய்வுக் கட்டுரைகளில் க்ரோன்பாக் ஆல்ஃபா என்று ஓர் எண் தருவார்கள். மூல ஆங்கில வடிவத்தில் அது 0.83. எண் உயர்ந்தால் கேள்வித்தாள் நம்பகமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சொல்வது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. எல்லாக் கேள்விகளும் ஒரே பக்கம் தவறினாலும் ஆல்ஃபா அழகாகத்தான் இருக்கும்!

இன்னொன்று, உருது யாருடைய மொழி? பாகிஸ்தானின் 2017 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 7 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் வீட்டில் பஞ்சாபியோ பஷ்தோவோ சிந்தியோ பேசுகிறார்கள். இந்தியாவில் 2011 கணக்குப்படி 5 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி உருது. லாகூரில் சரிபார்த்த தாளை அப்படியே ஹைதராபாத்தில் கொடுக்க முடியுமா?

இதெல்லாம் வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. மனச்சோர்வு பல பேருக்குத் தூக்கக் கோளாறாகத்தான் முதலில் தெரிகிறது. தாள் தவறினால், நன்றாகத் தூங்குகிறவர் கையில் தூக்க மாத்திரை போய்ச் சேரும், உண்மையில் உதவி தேவைப்படுகிறவர் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

எனவே மொழிபெயர்த்ததோடு வேலை முடிந்துவிடக் கூடாது. சாதாரண மக்கள் பத்து இருபது பேரோடு உட்கார்ந்து, "இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சோதிக்க வேண்டும். தொழுகைக்கு எழுவதைத் தனியாகக் குறிக்க ஒரு வரி சேர்க்க வேண்டும். முக்கியமாக, 5 என்ற அந்த எல்லைக்கோடு அங்கேயும் பொருந்துகிறதா என்று மருத்துவர் பரிசோதித்த நோயாளிகளையும் நல்ல தூக்கம் உள்ளவர்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். செலவும் நேரமும் அதிகம்தான், ஆனாலும் இதைச் செய்யாமல் அந்தத் தாளை மருத்துவமனையில் நீட்டுவது நியாயமில்லை.