பல்புப் பெட்டி சொல்லாத எண்

மத்திய அரசின் ஈ.இ.எஸ்.எல். நிறுவனம் 2014-ல் ஒரு எல்.இ.டி. பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இடையில், 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. குண்டு பல்பு பெட்டிக்கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தேவிட்டது. கரன்ட் பில்லும் குறைந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், வெளிச்சத்தைப் பற்றி வாடிக்கையாளர் இத்தனை காலத்தில் கேட்கக் கற்றுக்கொண்டது இரண்டே கேள்விகள்: எத்தனை வாட், என்ன விலை? கொஞ்சம் விவரமானவர் லூமென் பார்ப்பார், நட்சத்திரங்களை எண்ணுவார். அந்த நட்சத்திரமும் ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்ற சிக்கனக் கணக்குக்குத் தருவதுதான். வெளிச்சம் துடிக்காமல் நிற்கிறதா, அதன் கீழே சிவப்பு சிவப்பாகத் தெரிகிறதா என்பதற்குப் பெட்டியில் பெரும்பாலும் பதில் இருக்காது. பரீட்சைக் காலத்தில் ஒரு பிள்ளை நள்ளிரவு வரை குனிந்து உட்கார்ந்திருக்கும் மேசைக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், மற்ற விளக்குகளை எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும், படிக்கிற விளக்கை வீட்டிலேயே செய்துகொள்வது மேல்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு இரண்டு முறை அது பூஜ்ஜியத்தைத் தொட்டு மீள்வதால், விளக்கு நொடிக்கு 100 முறை தணிந்து எழும். குண்டு பல்புக்கு இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. பழுக்கக் காய்ந்த இழை நொடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் ஆறிவிடாது. எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை கிடையாது. கரன்ட் நின்ற கணமே வெளிச்சமும் நின்றுவிடும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப பல்புக்குள் ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். மலிவு பல்புகளில் முதலில் கத்தி விழுவது அதன்மேல்தான். எல்.இ.டி. இருக்கும் அதே தகட்டிலேயே டிரைவர் பாகங்களையும் ஒட்டிவிடும் ‘டி.ஓ.பி.’ வகை பல்புகள் பலவற்றில் கெப்பாசிட்டர் பெயருக்குத்தான் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. சூட்டில் முதலில் சாகும் பாகம் அதுதான் என்பதால், அதை எடுத்துவிட்டால் பல்பு நீடித்து உழைக்கும் என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். பல்பு உழைக்கும், சரி. அதன் கீழே உட்காருகிறவர்?

நூறு முறை துடிப்பதைக் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் அதன் விளைவு தெரியும். சுழலும் மின்விசிறி இறக்கை சில விளக்குகளின் கீழே நின்றதுபோலவோ பின்னோக்கிப் போவதுபோலவோ தோன்றுவது இதனால்தான். பழைய லேத் பட்டறைகளில் அடுத்தடுத்த ட்யூப்லைட்டுகளை வேறு வேறு ஃபேஸில் மாட்டியதற்கும் இதுவே காரணம். ஓடிக்கொண்டிருக்கும் சக் நின்றுவிட்டதுபோல் தெரிந்தால் கை போய்விடும்.

1989-ல் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் சகாக்களும் ஓர் அலுவலகத்தில் செய்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. வழக்கமான சோக் போட்ட ட்யூப்லைட்டுகளையும், நொடிக்குச் சுமார் 32,000 சுற்றில் இயங்கும் எலெக்ட்ரானிக் சோக் போட்டவற்றையும் ஊழியர்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். இரண்டாவது வகையின் கீழே தலைவலியும் கண் அயர்ச்சியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. இதைக் கண்ணாடியின் பவர் ஏறுவது வரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அந்த ஆய்வு பேசியது தலைவலியையும் அயர்ச்சியையும் பற்றி மட்டுமே. ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2015-ல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை இதற்கு ஒரு அளவுகோல் தந்தது. உச்ச வெளிச்சத்திலிருந்து அடிமட்ட வெளிச்சத்தைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் துடிப்பின் சதவீதம் கிடைக்கும். நொடிக்கு 100 துடிப்பு என்றால் அது 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு, 3.3 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையே வேண்டாம். கெப்பாசிட்டரைக் கைவிட்ட பல்பு இந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது.

நிறத்தின் கதை வேறு. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் ‘லைட் பாக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். உள்ளே டி65 என்ற பகல் வெளிச்சம், டிஎல்84 என்ற கடை ட்யூப்லைட் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, சாயமேற்றிய துணியின் ஷேட் பையர் ஒப்புக்கொண்ட மாதிரியோடு சேர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொன்றில் பிரிந்து தெரிந்தால் சரக்கு நிற்காது. பட்டுச் சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்க்கும் பெண்கள் இதே சோதனையைப் பெட்டி இல்லாமல் செய்கிறார்கள்.

எல்.இ.டி. ஏன் நிறத்தில் தடுமாறுகிறது? ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார், 2014-ல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வரும். நீலமும் மஞ்சளும் சேர்ந்த அந்த வெள்ளையில் அடர் சிவப்பு வெகு சொற்பம். சி.ஆர்.ஐ. என்னும் நிறத் துல்லிய மதிப்பெண் இதை மறைக்கவும் உதவுகிறது. அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஆர்9 எனப்படும் அடர் சிவப்பு அந்த எட்டில் சேராது. அதனால் 80 மதிப்பெண் வாங்கிய விளக்குக்கு ஆர்9 பூஜ்ஜியத்தை ஒட்டியும் இருக்கலாம். தக்காளியும் அரக்கு நிறச் சேலையும் மனிதத் தோலும் அதன் கீழே சோகை பிடித்துத் தெரியும். பையிலிருந்து எடுக்கும் வரைபடப் புத்தகத்திலும் உயிரியல் படத்திலும் சிவப்பு, பழுப்பாக இறங்கிவிடும்.

‘கூல் டே லைட்’ என்று எழுதியிருந்தால் பகல் வெளிச்சம் கிடைத்துவிட்டது என்று நம்புவது நம்மூரில் பரவலான மயக்கம். 6500 கெல்வின் என்பது வெள்ளையின் சாயலை மட்டும் சொல்லும். நிறங்கள் சரியாகத் தெரியுமா என்பது தனிக் கணக்கு. வெயிலில் வெந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நீலம் பாய்ந்த வெள்ளை குளிர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இரவு மேசைக்கு மட்டும் 4000 கெல்வின் இதமாக இருக்கும்.

இனி வேலை. முதல் விதி: 230 வோல்ட் பக்கம் கை வைக்கக் கூடாது. பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்று அலமாரியில் கிடக்கும். 19 வோல்ட் டி.சி. தரும். துடிப்பை ஒழிக்கும் வேலையில் பெரும்பங்கை ஏற்கெனவே அது செய்து முடித்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எக்ஸ்எல்4015 என்ற ஐ.சி. வைத்த சிறு பலகை கிடைக்கும். திருகு வைத்த இரண்டு நீல ட்ரிம்பாட்கள் அதில் இருக்கும், ஒன்று வோல்டேஜுக்கு, மற்றது கரன்ட்டுக்கு. இரண்டு ட்ரிம்பாட் உள்ள பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளது வோல்டேஜை மட்டுமே கட்டுப்படுத்தும், எல்.இ.டி.க்கு அது போதாது. இந்தப் பலகை நொடிக்கு 1,80,000 முறை சுவிட்ச் ஆகிறது. அதன் மிச்ச அலையையும் பலகையிலுள்ள கெப்பாசிட்டர் தேய்த்துவிடும். கண்ணுக்கும் நரம்புக்கும் அது நேர்கோடுதான்.

விளக்குக்கு மூன்று வோல்ட் எல்.இ.டி. ஐந்தை ஒரே வரிசையில் கோத்தால் சுமார் 15 வோல்ட் ஆகும். 19-லிருந்து இறக்குவதற்குத் தேவையான இடைவெளி கிடைக்கிறது. செலவைச் சுருக்கக் கூடாத இடம் இதுதான். சி.ஆர்.ஐ. 95-க்கு மேல், ஆர்9 எண் டேட்டா ஷீட்டில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிச்சியாவின் ஆப்டிசோலிஸ், சியோல் செமிகண்டக்டரின் சன்லைக் போன்றவை இந்த வகை. சாதாரண எல்.இ.டி.யைவிட விலை சில மடங்கு கூடும். டேட்டா ஷீட் தராத விற்பனையாளரின் ‘ஹை சி.ஆர்.ஐ.’ வெறும் விளம்பரம்.

கரன்ட் அமைக்கும் கட்டத்தில்தான் பலர் முதல் நாளே எல்.இ.டி.யைப் பொசுக்குவார்கள். எதையும் இணைக்காமல் முதலில் வோல்டேஜை 16 அருகே வைக்க வேண்டும். பிறகு கரன்ட் ட்ரிம்பாட்டை முழுக்கக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, அதன் இரு முனைகளையும் பலகையின் வெளியீட்டில் நேராக வைத்து, மெல்லத் திருகி 0.5 ஆம்பியரில் நிறுத்த வேண்டும். அதன் பிறகே எல்.இ.டி.களை இணைக்க வேண்டும். ஐந்தும் சேர்ந்து ஏழரை வாட் எடுக்கும். ஒவ்வொன்றும் அரை ஆம்பியர் தாங்கும் ரகமா என்று டேட்டா ஷீட்டில் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எழுதப் படிக்க 500 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரம். மேசையில் புத்தகமும் நோட்டும் விரியும் இடத்துக்கு இந்த ஏழரை வாட் தாராளம்.

எல்.இ.டி.களைத் தெர்மல் பேஸ்ட் தடவி அலுமினியச் சேனலில் பொருத்த வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு விற்கும் சேனலே போதும். விளக்கு அரை மணி நேரம் எரிந்த பிறகும் சேனலில் விரல் வைத்திருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் கரன்ட்டைக் குறைக்கலாம், அல்லது நீளமான சேனலுக்குப் போகலாம். முன்னால் பால் நிற அக்ரிலிக் தகடு கட்டாயம். அது இல்லாவிட்டால் பேனாவுக்கு ஐந்து நிழல் விழும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆசைப்படும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. குமிழ் வைத்த மலிவு டி.சி. டிம்மர்கள் பெரும்பாலானவை எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. பாடுபட்டு விரட்டிய துடிப்பு, நொடிக்குச் சில நூறு முறை என்ற கணக்கில் கொல்லைப்புறமாகத் திரும்பிவிடும். பலகையிலுள்ள கரன்ட் ட்ரிம்பாட்டைக் கழற்றிவிட்டு, அதே மதிப்புள்ள குமிழ் பொட்டென்ஷியோமீட்டரை ஒயர் இழுத்து வைப்பதே சரியான வழி. குமிழைத் திருப்ப முடிகிற கடைசி எல்லை 0.5 ஆம்பியரைத் தாண்டாதபடி தொடரில் ஒரு ரெசிஸ்டரும் வேண்டியிருக்கும். விடிவிளக்கு அளவுக்குக் குறைக்க இதில் முடியாது. படிக்கிறவருக்கு அது தேவையும் இல்லை.

செய்து முடித்ததைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கைபேசிக் கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கொண்டுவந்தால், துடிக்கும் விளக்கின் கீழே திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். இன்னொரு வழி இதைவிடச் சுவையானது. தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சிறு சோலார் தகட்டை ஒரு ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இணைத்து விளக்குக்கு நேரே பிடித்தால் துடிப்பு காதில் கேட்கும். மலிவு பல்பு ‘ம்ம்ம்’ என்று முரலும். டி.சி.யில் ஓடும் மேசை விளக்குக்குக் கொண்டுபோனால் ஸ்பீக்கர் வாயடைத்துவிடும்.

நல்ல மேசை விளக்குகள் கடையிலும் கிடைக்கத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். கிடைக்கின்றன. ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டிகளும் நிறையவே உண்டு. எந்த அளவுகோலில், எத்தனை சதவீதம் என்று எண் போட்டவற்றை மட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும். எண் இல்லாத வாக்குறுதியை வாங்கி, வீட்டில் கேமராவை வைத்துப் பார்த்து ஏமாறுவதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவது லாபம்.

எல்லோரும் சால்டரிங் பிடிக்க முடியாது என்பதும் உண்மை. அவர்களுக்காகச் சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் துடிப்புக்கும் நிறத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது. சாதாரண உள்ளறை விளக்குக்குச் சி.ஆர்.ஐ. 80-க்குக் குறையக் கூடாது, துடிப்புக்கான எஸ்.வி.எம். அளவின் உச்ச வரம்பு முதலில் 0.9, 2024 செப்டம்பர் முதல் 0.4. பொருளின் தகவல் தாளில் துடிப்பு எண்ணும் வெளியிடப்பட வேண்டும். நம் எரிசக்தித் திறன் பணியகம் ஏற்கெனவே எல்.இ.டி. பெட்டியில் நட்சத்திரம் ஒட்டவைக்கிறது. அந்த வில்லைக்குப் பக்கத்தில் துடிப்புச் சதவீதம், ஆர்9 என்று இன்னும் இரண்டு எண்களுக்கு இடம் இருக்கிறது. விலை ஏறும் என்று உற்பத்தியாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஏறட்டும், 310 ரூபாய் பொருளை 38-க்குக் கொண்டுவந்த சந்தைக்கு ஒரு கெப்பாசிட்டரின் விலை தாங்காதா?

வில்லை வரும்வரை தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு உள்ள கல்லூரிகளில் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. ஒரு போட்டோடையோடையும் ஒரு ரெசிஸ்டரையும் அதில் சேர்த்தால் துடிப்பை அளக்கும் கருவி தயார். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு மீண்டும் மீண்டும் தானியங்கித் தெருவிளக்கையே செய்துகொண்டிருப்பதை விட்டு, ஊர்க் கடைவீதியில் விற்கும் பல்புகளில் வகைக்கொன்று வாங்கி, அலைவடிவத்தை அச்சிட்டு, பிராண்டு வாரியாகச் சதவீதத்தை எழுதிக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்.