திண்ணையை இடிச்சது நான்தான்

ஓட்டு வீட்டை இடிச்சு மாடி கட்டினப்போ திண்ணையையும் எடுத்துட்டேன். வாசலுக்கு இரும்பு கேட் போட்டேன். அம்மாவுக்கு உள்ளே தனி அறை, டிவி.

அதுவரைக்கும் யார் வீட்டு மாடு கன்னு போட்டுது, யார் கழனியில நடவுன்னு அம்மாவைக் கேட்டாத்தான் தெரியும். இப்போ "இன்னிக்கு என்ன கிழமை"ன்னு ஒரே நாள்ல மூணு தடவை கேக்கறாங்க. சென்னையில இருக்கற பேரன் வீடியோ கால்ல பேசறான். காது மந்தம், பாதி கேக்கறதில்லை. சிரிச்சுட்டு போனை எங்கிட்ட நீட்டிடறாங்க.

மறதி நோய் வர, நம்மால மாத்தக்கூடிய 14 காரணங்கள் இருக்குன்னு 2024ல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொன்னது. கவனிக்காம விட்ட காது மந்தமும் பார்வைக் குறைவும் அதில் உண்டு. ஆளோட ஆள் பழகாம ஒதுங்கிக் கிடக்கறதும் உண்டு.

போன கார்த்திகையில விதை மல்லாட்டை உடைக்க நாலு பொம்பளைங்க வந்தாங்க. அம்மாவையும் ஒரு முறத்தோட உக்கார வெச்சேன். எந்தப் புயல்ல எந்தத் தென்னை சாஞ்சுதுன்னு வரிசையா சொன்னாங்க. நோய் தீர்ந்துதுன்னு சொல்ல வரலை. அன்னிக்கு மட்டும் கிழமை கேக்கலை.

செல்போன் மேல குத்தமில்லை. தூரத்துல இருக்கறவனை அது கொண்டுவந்து காட்டும். தெருவுல போறவங்களை நிறுத்திப் பேச வெக்காது. வீடு கட்டறவங்க திண்ணைக்கு ரெண்டடி விடுங்க. பெரியவங்க காதை அரசு ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டுங்க. நானும் இந்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். கேட்டுக்கு வெளியே ஒரு கல்பலகையும் போட்டாச்சு.