செதுக்கும்வரை மரம், மாட்டினால் ஆயுதம்

எங்க வீட்டுல ஒரு துப்பாக்கி இருக்குன்னு சொன்னா, சென்னையில இருக்கிற நண்பர்கள் பேச்சை நிறுத்திட்டு ஒரு தினுசா பார்ப்பாங்க. பயப்படாதீங்க. 12 போர், ஒற்றைக்குழல், முறைப்படி லைசென்ஸ் உள்ளது. தேர்தல் அறிவிச்சா போதும், ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்கிக்குவோம். முடிவு வந்து நடத்தை விதி நீங்கினதும் திரும்ப வாங்கிட்டு வருவோம். எங்க வீட்டு ஆளுங்கள்ல அடிக்கடி ஸ்டேஷன் போனது அது ஒண்ணுதான்.

அப்பா அதை வாங்கினது மரவள்ளிக்காடும் சோளக்காடும் காக்க. தம்மம்பட்டிக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சமலை. காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினா அரை ஏக்கர் கிழங்கைக் கிண்டிப் போட்டுட்டுப் போயிடும். லைசென்ஸ் வச்சிருக்கிறவருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, 25 வருஷம் அந்த ஆயுதத்தை வச்சிருந்தாலோ, வாரிசு பேருக்கு மாத்திக்கக் கேக்கலாம்னு 2016 ஆயுத விதிகள் சொல்லுது. அப்படித்தான் அது என் பேருக்கு வந்துச்சு.

வந்த பிறகுதான் பிரச்சனையே. கட்டை, அதாவது தோள்ல வைக்கிற மரப்பகுதி, கைப்பிடிக்கிட்ட விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் உதையெல்லாம் அந்த ஒடுக்கமான இடத்துலதான் இறங்கும். போதாததுக்கு அப்பா ஆறடி ஆளு. எனக்குக் கை குட்டை. விசைக்கும் கட்டையோட அடிக்கும் நடுவுல இருக்கிற நீளம் எனக்கு அதிகம். தூக்கினா அக்குள்ல மாட்டுது. அளவு எடுக்காம தைச்ச சட்டை மாதிரி. சட்டை பொருந்தலைன்னா பார்க்க நல்லா இருக்காது, அவ்வளவுதான். துப்பாக்கி பொருந்தலைன்னா குறி தப்பும், தோள்பட்டையும் கன்னமும் வீங்கும்.

அமெரிக்காவுல இருக்கிற என் பெரியம்மா மகன்கிட்ட சொன்னேன். "நீயே செஞ்சுக்க வேண்டியதுதானே?"ன்னான். அங்கே ஆளுங்க வீட்டுக் கொட்டகையிலயே கட்டையை மாத்துறாங்க, ரப்பர் அடி வைக்கிறாங்க. 18 அங்குலத்துக்குக் கீழே குழலைக் குறைக்கணும்னா மட்டும் முன்கூட்டியே அரசாங்கத்துக்கு விண்ணப்பிச்சு, கைரேகை கொடுத்து, பதிவு செஞ்சு ஒப்புதல் வாங்கணும். 1934-ல வந்த சட்டம் அது. அதுக்கு 200 டாலர் வரி. அந்த வரியையும் இந்த 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம் ஆக்கிட்டாங்க. "உங்க ஊர்ல மரவேலைக்கா பஞ்சம்?"னு அவன் கேட்டது மட்டும் மனசுல தங்கிடுச்சு.

பஞ்சமே இல்லை. தம்மம்பட்டி மரச்சிற்பம் புவிசார் குறியீடு வாங்கினது. கோயில் வாகனம், கதவு, சாமி சிலைன்னு தெருவுக்குத் தெரு உளி சத்தம் கேக்கும். தெரிஞ்ச சிற்பி அண்ணன் ஒருத்தர்கிட்ட போனேன். துப்பாக்கியை எடுத்துட்டுப் போகலை, போன்ல படம் மட்டும் காட்டினேன்.

அவர் படத்தைப் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, நாங்க சாமி செதுக்குற வாகை இதுக்குத் தாங்காது. உதைக்கிற சாமானுக்கு ரேகை நீளவாக்குல ஓடுற கெட்டி மரமா வேணும். இந்தக் கழுத்துல ரேகை குறுக்கே வந்துச்சுன்னா மறுபடியும் இங்கேதான் உடையும்"னார். உலகம் முழுக்கத் துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரத்தைத் தேடுறதுக்கும் காரணம் அதுதான். பாரம் கம்மி, அதிர்ச்சியைத் தாங்கும், சீக்கிரம் முறுக்காது. துப்பாக்கியே தொடாத மனுஷன் ஒரு படத்தைப் பார்த்து இதைச் சொல்லிட்டார். "பழைய தேக்குல நல்ல துண்டா பார்க்கிறேன். பக்கத்துல ஒரு யாளி முகமும் போட்டுத் தரேன், உங்க அப்பா சந்தோஷப்படுவார்"னு சேர்த்துக்கிட்டார்.

எனக்கு அன்னைக்கே செஞ்சுடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா ராத்திரி உக்காந்து 1959 ஆயுதச் சட்டத்தைப் படிச்சேன். தூக்கம் போயிடுச்சு.

ஐந்தாவது பிரிவு: லைசென்ஸ் இல்லாத யாரும் துப்பாக்கியைத் தயாரிக்கவோ, மாற்றவோ, ரிப்பேர் பண்ணவோ கூடாது. இரண்டாவது பிரிவுல ஆயுதம்னா என்னன்னு சொல்ற இடத்துல அதோட பாகங்களும் சேரும். அதாவது செதுக்குறவரைக்கும் அது தேக்கு. துப்பாக்கிக்குன்னு செதுக்கி மாட்டிட்டா ஆயுதத்தோட பாகம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஐந்தாவது பிரிவை மீறினா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். லைசென்ஸ் என்கிட்ட இருக்கு. அண்ணன்கிட்ட என்ன இருக்கு? உளி மட்டும்தான். என் தோள் வலிக்கு அவர் ஏழு வருஷ ஆபத்தைச் சுமக்கணுமா? காலையிலேயே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன். "மரத்துக்கா இவ்வளவு?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

அமெரிக்கா மாதிரி நமக்கும் வேணும்னு நான் கேக்கலை. குழல் விஷயத்துல நம்ம சட்டம் கறாரா இருக்கிறது நியாயம். பாதுகாப்புக்குக் கேக்குற சாதாரண துப்பாக்கிக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. நீளத் துப்பாக்கி கையில இருந்தா ஊரே பார்க்கும். குட்டையா வெட்டினா வேட்டிக்குள்ள மறைஞ்சிடும். விவசாயிக்கு மறைக்க வேண்டிய அவசியமே கிடையாது. கொல்லிமலை, பச்சமலை, கல்வராயன் பக்கம் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் திரும்பத் திரும்பக் கேக்குறதையும் பார்க்கிறோம். இரும்புப் பட்டறையும் மரப்பட்டறையும் சேர்ந்தா துப்பாக்கி உருவாகிடும்ங்கிற அரசாங்கத்தோட பயம் சும்மா வந்ததில்லை.

"பன்றியைத்தான் நீ சுடவே முடியாதே, அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில அரசு அறிவிச்சபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியைத்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆளுங்கதான் செய்யணும். 1 கிலோமீட்டருக்குள்ள சுட அனுமதி இல்லை, இடையில வந்தா பிடிச்சுக் காட்டுல விடணும். ஆனா அதே ஆயுதச் சட்டம்தான் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கலாம்னும் சொல்லுது. ஒத்தைக் களத்து வீட்டுல, ராத்திரி மோட்டார் போடப் போற குடும்பத்துக்கு அது பூட்டி இருந்தாலும் ஒரு தைரியம். அதை வச்சிருக்க அனுமதி கொடுத்த அரசாங்கம், அதைப் பழுதில்லாம வச்சிருக்கவும் வழி பண்ணணும். விரிசல் விட்ட கட்டை எதிராளிக்கு ஆபத்து இல்லீங்க, பிடிச்சிருக்கிறவன் கன்னத்துக்குத்தான் ஆபத்து.

1878-ல லிட்டன் பிரபு காலத்துல வந்த ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு கொடுத்துட்டு நம்மளை மட்டும் கட்டிப்போட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல அதை மாத்தினாங்க. அந்த மாத்தம் இன்னும் ஒரு படி இறங்கி வரலாம். நான் கேக்குறது சின்ன விஷயம். லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயத்துல, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரைத் தாலுகாவுக்கு வரவழைங்க. குழலும் விசையும் அவர் கையில இருக்கட்டும். மரவேலையை மட்டும் அவர் மேற்பார்வையில, சொந்தக்காரர் முன்னாடி, எழுத்துல அனுமதி வாங்கின உள்ளூர் ஆள் செய்யட்டும். யார் செஞ்சாங்க, என்ன செஞ்சாங்கன்னு லைசென்ஸ்லயே பதிஞ்சிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். வாகன எஞ்சினை மாத்துறதுக்கும் சீட் உறை மாத்துறதுக்கும் ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரே சட்டமா இருக்கு?

அதுவரைக்கும் என்ன பண்றது? சொந்தமா குழலைத் துடைங்க, எண்ணெய் போடுங்க, அதோட நிறுத்துங்க. பாட்டன் காலத்து துப்பாக்கி வீட்டுல இருந்தா, ரம்பத்தையும் ஆணியையும் கிட்டவே கொண்டுபோகாதீங்க. ரிப்பேருக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க. முடியலைன்னா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதத்தோட ஆளை அனுப்புங்க. அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு.

நானும் அப்படித்தான் ஒரு நாள் வேலையை விட்டுட்டு வெளியூர்ல லைசென்ஸ் உள்ள கடைக்குப் போனேன். விரிசலை ஒட்டி, உள்ளே ஆணி கொடுத்து இறுக்கி, கட்டை அடியில கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தாங்க. இப்போ தோளுக்குச் சரியா உக்காருது. ஆனா அந்தக் கட்டையில யாளி இல்லை.

சிற்பி அண்ணன் விடலை. எடுத்து வச்ச தேக்குல, துப்பாக்கியைப் பூட்டி வைக்க நீளமா ஒரு பெட்டி செஞ்சு கொடுத்தார். மூடியில யாளி. துப்பாக்கியை வாங்கினப்பகூட அவ்வளவு நேரம் பார்க்காத அப்பா, அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தார்.