மோட்டார்ப் படகும் மணிக்கணக்கும்

நிலத்தில் ஓடும் வண்டியின் உழைப்பை அது கடந்த தூரத்தால் அளக்கிறோம். படகிற்கு இம்முறை பொருந்துவதில்லை. எதிர்க்காற்றில் செல்லும் படகு சிறிது தூரமே நகர்ந்தாலும் அதன் இயந்திரம் முழு ஆற்றலோடு உழைக்கிறது. வலை விடும்பொழுதோ, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நெடுநேரம் இயங்குகிறது. ஆகவே, படகின் பின்விளிம்பில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரின் தேய்மானத்தை அறிவதற்கு அது ஓடிய மணிகளே தக்க அளவுகோல். அம்மணிகளைக் காட்டும் மானி இல்லாத பணிப்படகுகள் இன்றும் உண்டு. மானி இருந்தும் அது பொய்க்கணக்குக் காட்டுமாறு இணைக்கப்பட்ட படகுகளும் உண்டு. இவ்விரு குறைகளையும் நீக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இத்தகைய மோட்டார்கள் பலவற்றிற்கு, 100 மணி அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்பொழுது பராமரிப்புச் செய்யுமாறு உற்பத்தியாளர்கள் விதித்துள்ளனர். நாளொன்றுக்கு 5 மணி வீதம் மாதத்தில் 20 நாள் ஓடும் படகு ஒரே மாதத்தில் 100 மணியை எட்டிவிடும். வாரத்தில் 3 மணி மட்டும் ஓடும் படகு அதே அளவை எட்ட ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும். இரண்டிற்கும் 'ஆண்டுக்கு ஒருமுறை' என்று ஒரே விதி செய்தால், முதற்படகின் எண்ணெய் கெட்டு, குளிர்நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்து, மோட்டார் சூடேறி நடுக்கடலில் நிற்கக் கூடும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, கடற்கரைக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் மக்களை மீட்டனர். அவர்களுடைய துணிவோடு, தேவைப்பட்ட கணத்தில் இயங்கிய மோட்டார்களும் அன்று உயிர் காத்தன. நம் பொறுப்பிலுள்ள படகும் எந்நாளில் அவ்வாறு அழைக்கப்படும் என்பதை யாரும் முன்னறிய இயலாது.

மானியை இணைப்பது கடினமான வேலையன்று. 12 வோல்ட் பாட்டரி உள்ள படகில், முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் சிறு பொறியும் ஆபத்தானது. பின்னர், சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் கம்பியிலிருந்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மானியின் நேர்முனைக்கு ஓர் இணைப்பும், எதிர்முனையிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு மற்றோர் இணைப்பும் தரலாம். ஃபியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்திற்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். உப்புக்காற்றில் செம்பு விரைவில் அரிக்கப்படும். ஆதலால் வெள்ளீயம் பூசிய பல இழைக் கம்பியே ஏற்றது.

ஆயினும், இவ்விணைப்பில் ஒரு குறை உண்டு. சாவி திறந்திருக்கும் நேரத்தையே மானி எண்ணுகிறதன்றி, மோட்டார் ஓடிய நேரத்தையன்று. யாம் கண்ட ஒரு படகில், மாலையில் மூட மறந்த சாவியால் மறுநாட் காலைக்குள் 12 மணி கூடியிருந்தது. இத்தகைய கணக்கு, கணக்கே இல்லாமையினும் தீயது; ஏனெனில் அதனை நம்புகிறோம். எண்ணெய் அழுத்தம் எழுந்த பின்னரே மின்சாரத்தை விடும் சுவிட்சை இடையில் அமைத்தால், நான்கு வீச்சு மோட்டார்களில் இக்குறை நீங்கும்.

கயிறிழுத்து இயக்கும், பாட்டரியற்ற சிறு மோட்டார்களுக்கு வேறு வகை மானி உண்டு. அதன் மெல்லிய கம்பியை ஸ்பார்க் பிளக்கின் தடித்த கம்பிமேல் குறிப்பேட்டில் கூறியபடி சில சுற்றுகள் சுற்றினால் போதும். பொறி எழும்போது மட்டுமே அது எண்ணும். தனக்கு வேண்டிய சிறு மின்கலத்தைத் தன்னுள்ளே கொண்டது. இவ்வகை மோட்டார்களில், நிறுத்தும் பொத்தானுக்குச் செல்லும் கம்பியில் 12 வோல்ட் மானியை இணைத்தல் பெருந்தவறு. அக்கம்பியில் சில நூறு வோல்ட் தோன்றக்கூடும். மானி கெடுவதோடு மோட்டாரும் நின்றுவிடலாம்.

'பதிவேடு இருக்க மானி எதற்கு?' என்று கேட்பாருளர். பதிவேடு பெரும்பாலும் கரைக்கு வந்த பின் நினைவிலிருந்து எழுதப்படுவது. மானி ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுகிறது; ஆனால் அன்று படகு எங்கே, எதற்குச் சென்றது என்பதைச் சொல்லாது. ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்க இரண்டும் வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் மானியின் எண்ணைப் பதிவேட்டில் குறிப்பதே சிறந்த வழக்கம்.

பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் வலியுறுத்தல் வேண்டும். மானியில் 12.5 என்பது 12 மணி 5 நிமிடம் அன்று. 12 மணி 30 நிமிடம். புள்ளிக்குப் பின்வரும் ஒவ்வோர் எண்ணும் 6 நிமிடமாகும். இதனை அறிந்த மாணவன், செலவான எரிபொருளை ஓடிய மணிகளால் வகுத்து, மணிக்கு எத்தனை லிட்டர் என்று தானே கண்டறிவான். முன்னினும் அவ்வெண் உயருமாயின், மோட்டாரில் கோளாறு தொடங்கியிருக்கலாம் என்று கரையிலேயே ஐயுறுவான். அவ்வையமே கடலில் அவனைக் காக்கும்.