எதிரே ஒன்றுமில்லை!

போன மாதம் என் சித்தி பெண் பெருங்குடிப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். நானும் போயிருந்தேன். பூஜை அறை, சமையல் மேடை, துணி உலர்த்தும் இடம் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, பெரிய பெருமையைக் கடைசிக்கென்று வைத்திருந்தவள் போல ஹால் ஜன்னலைத் திறந்தாள்.

"பார் அக்கா, எதிரே ஒன்றுமே இல்லை! காற்று எப்படி வருகிறது பார்!"

பார்த்தேன். அந்த 'ஒன்றுமே இல்லாத' இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் பளபளத்தது. கோரை அடர்ந்து கிடந்தது. நீல நிறத் தாழைக்கோழி ஒன்று, புதுப்புடவை கட்டிய மாமியைப் போலப் பாதம் நனையாமல் நடக்க முயன்றுகொண்டிருந்தது. அப்பால் நாரைகள் கூட்டமாக நின்றன. அவற்றுக்கும் அப்பால் குப்பைமேடு தெரிந்தது.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, இதில் ஏதாவது கட்டக் கூடாதோ?" என்றாள் தங்கை.

எனக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம்தான் இவள் என்னிடம் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்: "விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்று வரை மாடாக உழைக்கிறேன். வந்தவர்களிடம் இவர், 'அவளுக்கென்ன, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்கிறார் அக்கா!"

வாசகிகளே, உங்களில் எத்தனை பேர் இந்த 'சும்மா'வைக் கேட்டிருப்பீர்கள்! சம்பளம் இல்லாத வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. பெண்களுக்கு மட்டுமல்ல, நிலத்துக்கும் இதே கதிதான்.

தங்கை வீட்டு ஜன்னலுக்கு எதிரே கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அது செய்கிற வேலையைக் கேளுங்கள். தென் சென்னையைச் சுற்றியுள்ள எத்தனையோ ஏரிகள் மழைக்காலத்தில் நிரம்பி வழிந்தால், அந்த உபரி நீர் இங்கேதான் வந்து சேர்கிறது. சதுப்பு நிலம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் மண்ணுக்குள் இறக்கி, மிச்சத்தை ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் நிதானமாக அனுப்பிவைக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் எல்லார் கோபத்தையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும் மூத்த மருமகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளையும் ஓரளவுக்கு மேல் நெருக்கினால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டார்களே, நினைவிருக்கிறதா? நாலே வருஷம் கழித்து, 2019 கோடையில், குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் காரணங்கள் பல உண்டு. மழைநீர் தங்க இடமில்லாமல் செய்துவிட்டோம் என்பது இரண்டிலும் சேர்ந்திருக்கிறது.

நாம் ஏன் இப்படிச் செய்தோம்? நிலத்தைப் பார்க்கத் தெரியாத ஜாதியா நாம்? தொல்காப்பியம் படித்தவர்களைக் கேளுங்கள். காடு, மலை, வயல், கடற்கரை என்று நிலத்தைப் பிரித்து, முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று ஒவ்வொன்றுக்கும் பூவின் பெயரை வைத்து, தெய்வமும் தொழிலும் பறவையும் பறையும்கூட வகுத்துக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். வறண்டு போன பிரதேசத்தைக்கூடச் சும்மா விடவில்லை. பாலை என்று பெயரிட்டுப் பிரிவின் துயரத்தை அங்கே குடியமர்த்தினார்கள். அந்தப் பட்டியலில் 'ஒன்றுமில்லாத நிலம்' என்று ஒரு திணையே கிடையாது.

பள்ளிக்கரணைக்கும் அழகான பெயர் இருந்தது. கழிவெளி என்றார்கள். பிறகு நிலவரிக் கணக்கு வந்தது. வரி தரும் நிலம் ஒரு பக்கம், தராதது ஒரு பக்கம். ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. ஊருக்குப் பொதுவானவை, ஒருவருக்கும் சொந்தமாகாதவை என்பதுதான் அதற்கு அர்த்தம். நாளடைவில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்! இன்றைக்குத் தெருச் சண்டையில் ஒருவரை ஒருவர் 'புறம்போக்கு' என்று வைகிறார்கள். எல்லாருக்கும் உரியது என்ற சொல், எதற்கும் உதவாதவன் என்று ஆகிவிட்டது. 2017-ல் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, புறம்போக்கு என்பதன் பழைய அர்த்தத்தை ஒரு பாட்டாகவே பாடிக் காட்ட வேண்டியிருந்தது.

சொல் கெட்டால் நிலமும் கெடுகிறது. பள்ளிக்கரணையைத் 'தரிசு' என்று நினைத்தபோதுதான் நகரத்துக் குப்பையை அங்கே கொட்டத் துணிந்தோம். நடுவே சாலை போட்டோம். ஓரத்திலெல்லாம் கட்டடம் எழுப்பினோம்.

இதற்கு நேர்மாறான ஊர் ஒன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவை பார்க்கப் போயிருப்பீர்கள். அந்த ஊர் விவசாயிகள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதைக் கண்டுகொண்டவர்கள். பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு எழுத்து மூலம் உரிமை பெற்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். ஏரியில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று அங்கே தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிரசவத்துக்கு வந்த பெண் உள்ளே படுத்திருக்கும்போது வாசலில் யாராவது சரவெடி கொளுத்துவார்களா? குழந்தைகள் மத்தாப்பைக்கூடத் தள்ளிவைக்கும் ஊரில், ஏரியைத் தூர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாயிற்று. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் ஒன்று. ராம்சர் என்பது ஈரான் தேசத்து ஊரின் பெயர். 1971-ல் அங்கே கூடித்தான் ஈரநில ஒப்பந்தத்தை எழுதினார்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருப்பதன் மதிப்பை ஈரானிலிருந்து வந்த பெயர் எடுத்துச் சொல்லும்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை! அங்கே இருந்த நெடிய ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழும்பிற்று. நீங்கள் குடியிருக்கும் தெருவுக்குள்ளும் இப்படி ஏதாவது குளமோ தாங்கலோ ஒளிந்திருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள்: "நம் வீடு வருவதற்கு முன்னால் இந்த இடத்துக்கு என்ன பெயர்?" கிடைக்கிற பெயரைக் குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். பெயர் தெரிந்த ஒன்றைத் தூக்கி எறியக் கை கூசும்.

என் தங்கையிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பால் ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் மறுபடி ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் நின்றாள்.

அந்தச் சமயம் அவள் கணவரின் சிநேகிதர் ஒருவர் உள்ளே வந்து, வெளியே எட்டிப் பார்த்து, "அடடே, எதிரே ஒன்றுமே இல்லை போலிருக்கிறதே!" என்றார்.

"கழிவெளி இருக்கிறது மாமா," என்றாள் தங்கை. "சும்மா இல்லை. வேலை செய்துகொண்டிருக்கிறது."

சொல்லிவிட்டு, தன் கணவரை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் மெதுவாக எழுந்து, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.