பாம்புக்கு ஒரு சத்திரம்

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். பிறர் உழைப்பில் சுகமாகக் காலம் தள்ளுகிற மனிதரை இடித்துக் காட்டவே இந்தப் பழமொழி பயன்படுகிறது. ஆனால் பாம்பின் கட்சியையும் சற்றுக் கேட்க வேண்டும். கையும் காலும் இல்லாத ஜீவன் அது. மண்வெட்டி பிடிக்க அதனால் முடியாது. சுமை தூக்கவும் முடியாது. ராஜநாகம் மட்டும் முட்டையிடும் காலத்தில் உதிர்ந்த இலைகளை உடம்பால் வளைத்துக் குவித்து ஒரு கூடு கட்டும். மற்றப் பாம்புகளில் பெரும்பாலானவை எலி விட்டுப்போன வளையிலோ, கரையான் புற்றிலோ, கற்சுவரின் இடுக்கிலோ தங்கிவிட்டு, வேண்டாதபோது புறப்பட்டு விடும். முன்பணம் கிடையாது; வாடகைப் பாக்கியும் கிடையாது.

இப்படி உலகத்தையே சத்திரமாகக் கொண்ட ஒரு பிராணிக்கு மனிதன் வீடு அமைத்துக் கொடுக்கலாமா, எவ்வளவு செலவில், எத்தனை நாளைக்கு என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நீலகிரியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. இங்கே வீட்டை ஒட்டித் தேயிலைத் தோட்டமும், தோட்டத்தை ஒட்டிச் சோலையும் இருக்கின்றன. உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்தினால் மண்ணோடு ஒரு சின்னப் பாம்பும் புரண்டு வருவது உண்டு. அதைப் புட்டியில் போட்டுக்கொண்டு, “சார், இதற்கு ஒரு பெட்டி செய்து வளர்க்கலாமா?” என்று வந்து நிற்கும் பையன்களை உபாத்தியாயர்களாகிய நாம் நன்றாக அறிவோம். “சீ, தூக்கி எறி!” என்று அதட்டிப் பிரயோஜனம் இல்லை. அதட்டினால் பாம்பு வகுப்பறையிலிருந்து கட்டிலுக்கு அடியில் குடிபோகும், அவ்வளவுதான். பையனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பாம்புக்குக் குறைந்த செலவில் தற்காலிக வீடு கொடுத்தவர்கள் நம் தேசத்தில் இல்லாமல் இல்லை. அவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர் மகாத்மா காந்தி. 1934-ஆம் வருஷம் ஹரிஜன யாத்திரையின்போது நம் குன்னூரில் தங்கிச் சென்ற அதே மகாத்மா, 1936 முதல் வார்தாவுக்கு அருகில் சேவாகிராமத்தில் வாசம் செய்தார். அங்கே பாம்பு நடமாட்டம் அதிகம். ஆசிரமத்தில் பாம்பைக் கொல்லுவதில்லை. மரத்தால் செய்த நீண்ட இடுக்கியால் பிடித்து, ஒரு கூண்டில் அடைத்து, ஜனசஞ்சாரம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த இடுக்கியும் கூண்டும் இன்றும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பாம்பு அந்தக் கூண்டில் இருந்ததெல்லாம் ஆசிரமத்திலிருந்து காட்டுக்குப் போகும் வரையில்தான். கூண்டு அதற்கு வீடாக இருக்கவில்லை, வண்டியாக இருந்தது.

இதைவிட மலிவான ஏற்பாட்டைக் காண வார்தா வரையில் போக வேண்டாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலிக்குப் போனால் போதும். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நடந்து வருகிறது. இருளர்கள் நமக்கு அந்நியர் அல்லர். நீலகிரியின் சரிவுகளிலும் அவர்களுடைய ஊர்கள் உண்டு. சமவெளியில் வசிக்கும் இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. பாம்பு பிழைத்தது, பாம்பு பிடிப்பவன் வயிறு காய்ந்தது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் முதலிய அன்பர்களின் துணையுடன் 1978-இல் இந்தச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்பது என்று ஏற்பாடாயிற்று.

பிடித்து வந்த பாம்பை அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்பதே நமக்கு முக்கியம். இரும்புக் கூண்டிலோ கண்ணாடிப் பெட்டியிலோ அல்ல. குயவர் வனைந்த சாதாரண மண்பானையில் சிறிது மணல் பரப்பி, பாம்பை உள்ளே விட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வருக்கும் இதே ஜாகைதான். ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள். மூன்று நான்கு வாரங்கள் ஆனதும் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைப் பிடிப்பதில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கும் வனத்துறையின் அநுமதி வேண்டும். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் ஸ்தாபனங்களுக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்தே போகிறது.

பானை மலிவு என்பதற்காக மட்டும் அதைப் புகழவில்லை. அதில் உள்ள புத்திசாலித்தனத்தைக் கவனிக்க வேண்டும். பாம்பின் உடம்பு தானாக உஷ்ணத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. சுற்றுப்புறத்தின் வெப்பமே அதன் வெப்பம். மண்பானையின் சுவர் வெயிலின் கடுமையைச் சட்டென்று உள்ளே விடாது. துணி மூடி காற்றை விடும், பாம்பை விடாது. உள்ளே இருட்டாக இருக்கும். ஆபத்து என்று தோன்றினால் பாம்பு இருட்டான வளையைத்தான் தேடும். உடம்பைச் சுருட்டி வைத்துக்கொள்ள அளவான இடம் கிடைத்துவிட்டால் அது அமைதியடையும். ஆகவே பானை அதற்குச் சிறைபோல் தோன்றாமல் வளைபோல் தோன்றுகிறது. கண்ணாடிப் பெட்டியோ, பார்க்கிற மனிதனுக்காகச் செய்யப்பட்டது. பாம்புக்கு ஒளிய இடமில்லாமல், நான்கு பக்கமும் சத்துரு நிற்பதாகவே அது காட்டும். சந்தையில் வாங்கும் ஒரு பானையில் இத்தனையும் அடங்கியிருப்பதை எந்தக் கலாசாலையும் இருளருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா நாட்டார் மலைப்பாம்பு பிடிக்க அழைத்துக்கொண்டார்கள். 2023-இல் பாரத சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

“அப்படியானால் நானும் ஒரு பானை வாங்கி வைக்கிறேனே!” என்று பையன் கேட்பான். கேட்கட்டும். சேவாகிராமத்துக் கூண்டுக்கும் வடநெம்மேலிப் பானைக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. உள்ளே வைக்கும்போதே, என்றைக்கு, எங்கே வெளியே விடுவது என்பது தீர்மானமாகியிருக்கிறது. சத்திரத்தில் தங்கினவனைச் சத்திரத்துக்காரன் சொந்தம் கொண்டாடுவதில்லை. பையனுடைய பெட்டியிலோ அந்தத் தேதி குறிக்கப்படவில்லை. நம் காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதைச் சட்டம் குற்றமாகக் கருதுவதும் இதனால்தான். அயல்நாட்டு மலைப்பாம்புகளைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்போர் சிலர் பட்டணங்களில் உண்டு. அவ்விதப் பிராணிகளையும் சர்க்காரில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024-இல் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன.

சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். நம் பாத்தியில் அகப்படும் அந்தச் சின்னப் பாம்பு யார் என்று தெரிந்துகொண்டால், பெட்டி செய்யும் ஆசை தானாகவே குறையும். பெரும்பாலும் அது மண்ணுக்குள் வாழும் நீலகிரி மண் பாம்பாகவே இருக்கும். நீளம் ஏறக்குறைய ஓர் அடி. விஷம் இல்லை, கடிக்கும் எண்ணமும் இல்லை. மண்புழுதான் அதன் ஆகாரம். முட்டையிடாமல் குட்டி போடும். கரையானையோ எலியையோ எதிர்பாராமல் தலையாலேயே மண்ணைத் துளைத்து வழி செய்துகொள்ளும். 1854-இல் பிரெஞ்சு அறிஞர்கள் இதை நூலில் விவரித்தபோது, நீலகிரியில் தாவரங்களை ஆராய்ந்த பெரோட்டே என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். கேத்தியில் தேயிலைச் செடிகளைப் பேணியவர் என்று நீலகிரித் தேயிலையின் ஆரம்ப சரித்திரத்திலும் அவர் பெயர் வருகிறது. இந்த மண் பாம்புக் குடும்பம் முழுவதுமே தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

குளிர்ந்த, ஈரமான, பொலபொலப்பான மண்ணுக்காகவே பிறந்த இந்த ஜீவனைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் என்ன ஆகும்? உதகமண்டலத்தின் இளவெயில்கூடப் புட்டிக்குள் அகப்பட்டால் அனலாகிவிடும். மண் உலர்ந்துவிடும். புழு எவ்வளவு போட்டாலும், பயந்த பாம்பு தின்னாது. பாம்புகள் பல வாரம் பட்டினி தாங்கக் கூடியவை; ஆதலால் பையனுக்கு அது சௌக்கியமாக இருப்பதுபோலவே தோன்றிக்கொண்டிருக்கும். பாம்புக்கு வாய் விட்டு அழத் தெரியாது. தெரிந்திருந்தால், புட்டியில் பாம்பு வளர்க்கும் வழக்கமே தோன்றியிராது.

இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். இன்று மண் பாம்பைக் கையால் எடுத்துப் பழகிய குழந்தை, நாளைக்குத் தேயிலைச் செடியினடியில் சுருண்டிருக்கும் குழிவிரியனையும் எடுக்கக் கை நீட்டும். 2000 முதல் 2019 வரையில் நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. சராசரி வருஷத்துக்கு 58,000 பேர். தமிழ்நாடு சர்க்கார் 2024-இல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. வடநெம்மேலிப் பானைகளிலிருந்து போகும் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி உண்டாக்கும் மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்காகச் செய்யப்படுவது. மலைக் குழிவிரியனின் விஷத்தைக் கொண்டு அது தயாராவதில்லை. ஆகவே மலையில் வசிப்பவர்களுக்கு எச்சரிக்கையே முதல் மருந்து. கடிபட்டால் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்த பாம்பைத் தேடிக்கொண்டு நிற்பது இன்னொருவர் கடிபடுவதற்கே உதவும்.

சரி, பாம்பே வீட்டுக்குள் வந்துவிட்டால்? அப்போது அதற்கு ஒரு தற்காலிக வீடு அவசியம் வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. அது நுழைந்திருக்கும் அறையே போதும். குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்தி, கதவைச் சாத்தி, கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் வெளிப்பக்கமாகத் துணியைச் செருகிவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். தடி எடுப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், மண்ணெண்ணெய் தெளிப்பதும் வேண்டாம். பயிற்சி பெற்றவர் வந்து ஒரு கொக்கியும், ஒரு குழாயும், அதன் முனையில் கட்டிய துணிப்பையும் கொண்டு காரியத்தை முடித்துவிடுவார். குழாயின் இருட்டை வளை என்று எண்ணிப் பாம்பு தானே உள்ளே போகும். இருளர் பானையின் தத்துவமே இங்கே குழாயும் பையுமாக வந்திருக்கிறது. இந்த வேலையைப் பார்த்தவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாகாது. குழாய் மலிவு, அதைப் பிடிக்கும் கை மலிவல்ல.

பாம்புக்கு உபகாரம் செய்தே தீர வேண்டும் என்று ஆசைப்படும் பையன்களுக்கு நிரந்தரமான ஒரு வேலை இருக்கிறது. வாசலை ஒட்டியுள்ள விறகு அடுக்கையும் குப்பையையும் அகற்றச் சொல்லுங்கள். எலி வந்தால் பாம்பு வரும். தானியத்தை மூடி வைத்தால் எலி வராது. அதே சமயம் தோட்டத்தின் கோடியில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், பழைய கற்சுவர் ஒன்றோ இலைக் குவியல் ஒன்றோ இருந்தால் அதைக் கலைக்காமலும் கொளுத்தாமலும் விடச் சொல்லுங்கள். பாத்தியில் மண் பாம்பு புரண்டு வந்தால், கையால் தொடாமல் மண்வெட்டியால் மண்ணோடு மண்ணாக ஓரத்தில் ஒதுக்கி, மேலே ஈரமண்ணைத் தூவிவிட்டால் போதும். அது எந்த நாளில் வந்தது, எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பாம்பு அதன் வீட்டிலேயே இருக்கும். பையனிடம் அறிவு தங்கும்.