விரத நாளும் இதய மருந்தும்

வில்லியனூர் திருக்காமீசுவரர், பாகூர் மூலநாதர் ஆலயங்களில் பிரதோஷ விரதம் காக்கும் முதியோருள் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்றோரும் உண்டு. விரத நாளில் மாத்திரை விழுங்கலாமா என்பது அவர்தம் ஐயம்.

இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரையை மருத்துவரைக் கேளாது நிறுத்தினால், ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேரக்கூடும். ஆகவே விரத நாளிலும் அதனை விடலாகாது. உபவாசம் தம் உடலுக்கு ஏற்றதா என்பதையும் முன்னரே கேட்டறிதல் நன்று. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் தீபாராதனை முடியட்டும் எனக் காத்திராது, உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் பொருளின்றி மனத்துள்ளே கோயில் எழுப்பினார். காடவர் மன்னனின் கற்றளிக்கு முன்பாக ஈசன் அதனையே ஏற்றருளினார். பட்டினி இருக்க இயலாதோரின் உள்ளத்து வழிபாட்டையும் அவர் அவ்வாறே ஏற்பார்.